உப்புத்தாள் தேய்த்த யானை

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும், கைக்கு எட்டுகிற உயரத்தில் எங்கேயாவது ஒரு மரச்சாமான் வழவழவென்று இருந்தால், உப்புத்தாள் ஒரு முறையாவது அதைக் கடந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

உப்புத்தாள் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்தது கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. அட்டையை எப்போதும் பின்பக்கமாகவே தொங்கவிட்டிருப்பார் என்பதால் எங்களில் யாரும் படித்ததில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் பையில் நாலாக மடித்த உப்புத்தாள் இருக்கும். கை சும்மா இருந்தால் அது தானாக வெளியே வரும்.

எங்கள் தொழிற்சாலையில் அவருக்குப் பிசிர் எடுக்கும் வேலை. அச்சிலிருந்து வெளிவருகிற இரும்புப் பாகத்தின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்கத் தேய்த்த மனிதன் வெளியே வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாமா? உப்புத்தாளுக்கு உட்காரத் தெரியும், கையைக் கட்டத் தெரியாது. நான் அதே தொழிற்சாலையில் பிளானிங். நடக்கப்போகாத காரியங்களுக்கெல்லாம் தேதி போட்டுக் கொடுப்பது என் உத்தியோகம்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஒரகடம் வருகிற ஷேர் ஆட்டோக்களில் கூடுதலாக ஒரு பலகை போட்டிருப்பார்கள். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நாலு பேரை உட்கார வைக்கும் மாயப் பலகை அது. ஒருமுறை உப்புத்தாள் அதில் உட்கார்ந்து வந்தார். ஒரகடம் வந்து சேர்வதற்குள் பலகை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் அதே ஆட்டோவில் ஒரு அம்மாள் ஏறினார். டிரைவர் பிரேக் போட்டதும் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழுக்கிப் போய், முன்பின் தெரியாத ஒரு செக்யூரிட்டிக்காரர் மடியில் அமர்ந்துவிட்டார்.

"எவன்யா எம் பலகைல எண்ணெ தடவிக்கினு போனது?" என்று டிரைவர் கத்தினார்.

அன்றும் அதே ஆட்டோவில் பின்னால் தொற்றிக்கொண்டு வந்த உப்புத்தாள் பெருமையோடு சொன்னார்: "எண்ணெ இல்ல நைனா. எம்பது நம்பர் தாளு போட்டு, அப்பறம் நூத்தி இருவது. இன்னும் கொஞ்சம் கீது, இன்னிக்கு முடிச்சிடறேன்."

இந்த 'இன்னும் கொஞ்சம்'தான் அவருடைய தாரக மந்திரம். ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் மணையில் சிராய் இருக்கிறதைப் பார்த்துவிட்டு மேடையேறித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "சார், அதுல மாப்ள உக்காரணும்" என்றார். "அதுக்குத்தான் சாமி. பட்டு வேட்டி மாட்டிக்கும். இன்னும் கொஞ்சம்" என்றார் இவர். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரைப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்படிப்பட்டவரை எங்களோடு சேர்த்து வைத்தது ஸ்க்ரோல் சா என்கிற மெஷின். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தையல் மெஷின் மாதிரி மேஜைமேல் நிற்கும். ஊசி இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிசான ரம்பம் ஒன்று மேலும் கீழும் ஓடும். பலகையின் மேல் படத்தை ஒட்டி, கோட்டோடு கோடாகத் திருப்பிக் கொடுத்தால் மான், மயில், பிள்ளையார் எல்லாம் வெட்டியெடுக்கலாம் என்று வீடியோவில் சொல்வார்கள். வீடியோவில் வெட்டுகிறவர் சிரித்துக்கொண்டே வெட்டுவார். அதை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

வாங்கிய அன்றே ரம்பத்தைத் தலைகீழாக மாட்டினேன். பல் கீழே பார்க்க வேண்டும், என்னுடையது வானத்தைப் பார்த்தது. சுவிட்சைப் போட்டதும் பலகை தவளை மாதிரி குதித்தது. விற்றவருக்குப் போன் போட்டு, "உங்க மெஷின்ல வைப்ரேஷன் ஜாஸ்தி" என்று பெரிய இன்ஜினியர் தோரணையில் புகார் சொன்னேன். ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதிலுக்கு அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினார்.

எங்கள் பக்கத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மெஷின்கள் தொழிற்சாலைக்குள் போய்விடும். அவை வந்த பைன் மரப் பெட்டிகள் சாலையோரப் பழைய மரக்கடைக்கு வந்துவிடும். அதனால் இந்தப் பொழுதுபோக்கு இங்கே காய்ச்சல் போலப் பரவியது. வெல்டர், கேன்டீன் மேனேஜர், ஆம்புலன்ஸ் டிரைவர், என்னைப் போன்ற தேதி போடுகிறவன் என்று பலரும் சேர்ந்து 'மரத்தூள் நண்பர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தோம். செய்து முடித்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். குறை சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதி இல்லாவிட்டால் நான் முதல் வாரமே வெளியேறியிருப்பேன்.

அந்த விதி இருந்தும் எனக்கு அடிபட்டது. அன்னப்பறவை ஒன்று செய்து போட்டேன். "கெட்டில் அட்டகாசம் சார்!" என்று முதல் பாராட்டு வந்தது. மானுக்கு ஒரு கால் உடைந்துபோனபோது, 'பாயும் மான்' என்று தலைப்புப் போட்டுச் சமாளித்தேன். கொஞ்ச நாளில் மரத்தை வெட்டுவதை விட அதைப் படம் பிடிப்பதில் கைதேர்ந்தவன் ஆகிவிட்டேன். சாயங்கால வெளிச்சம், பக்கத்தில் ஒரு காபி டம்ளர், உடைந்த பக்கம் நிழலில். குழுவில் எனக்குக் 'கலைஞன்' என்ற பெயரே வந்துவிட்டது. தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் எனக்கு ஆகாது. ஆரம்பித்த அன்றே முடித்து, சிராய் மேல் வார்னிஷ் அடித்து, படம் போட்டுவிடுவேன்.

உப்புத்தாளுக்கும் எனக்கும் நேர் எதிர் ஜாதகம். அவர் ஒரு சாமானையும் முடித்ததே இல்லை. முதலில் உள்ளங்கை அளவில் ஒரு கிளி கொண்டு வந்தார். "முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று கேட்டோம். "இன்னும் கொஞ்சம்." அடுத்த மாதம் அது சிட்டுக்குருவி ஆகியிருந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூக்கு எங்கே என்று கேட்டதற்கு, "அது குத்திச்சிபா. எடுத்துட்டேன்" என்றார். குழுவில் அவர் படம் போட்டதே கிடையாது. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வரும். "நண்பர்களே வணக்கம், வேல போய்க்கினே கீது" என்பார். பின்னணியில் சர்ர், சர்ர் என்று சத்தம் கேட்கும்.

மாதம் ஒரு ஞாயிறு, பென்னலூரில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடுவோம். வட்டமாக உட்கார்ந்து, அவரவர் செய்ததைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். உப்புத்தாளைக் கட்டாயம் வட்டத்தின் கடைசியில்தான் உட்கார வைப்போம். நடுவில் உட்கார்ந்தால், அவருக்கு இந்தப் பக்கம் பார்த்தவர்களும் அந்தப் பக்கம் பார்த்தவர்களும் வேறு வேறு அளவில் பார்க்க நேரிடும். ஸ்டெல்லா டீச்சர் செய்த திருக்குடும்பச் சிற்பத்தில் ஒரு முறை ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு காணாமல் போனது. "ஆட்டுக்குட்டிக்கு இன்னாத்துக்கு டீச்சர் கொம்பு?" என்று கேட்டுக்கொண்டே அவர் அதன் காதைத் தடவ ஆரம்பித்தார்.

என் கலை வாழ்க்கை இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் மகள் யாழினிக்கு முதல் பிறந்தநாள் நெருங்கியது. குன்றத்தூரில் எங்கள் வாடகை வீடு. ஹாலில் மெஷின். என் மனைவி ஹேமா ஒருநாள் துடைப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, புள்ள நடக்க ஆரம்பிக்கப் போறா. ஹால்ல பாதி எடம் உங்க மெஷினு, மீதி எடம் அதோட தூளு. இவ்ளோ நாள்ல அதுலருந்து இந்த வூட்டுக்குன்னு உருப்படியா ஒரு சாமான் வந்துதா?"

"டம்ளர் வெக்கிற தட்டு செஞ்சேனே."

"எது, டம்ளர வெச்சா சாயுமே, அதுவா?"

நான் தரையில் கிடந்த தூளைக் காலால் ஒதுக்கினேன்.

"பொறந்தநாளுக்கு அவளுக்கு ஒரு வெளாட்டு சாமான் செய்யுங்க. அவ அத வெச்சி வெளாடணும். வெளாடலன்னா மெஷின் பரணுக்குப் போயிடும். அவ்ளோதான்."

எங்கள் வீட்டுப் பரணுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. என் கேரம் போர்டு, கீபோர்டு, தொப்பை குறைக்கும் சைக்கிள் எல்லாம் அங்கேதான் முக்தி அடைந்திருக்கின்றன. ஆனால் மெஷின் போய்விடுமே என்பதை விட இன்னொரு கவலை எனக்குப் பெரிதாக இருந்தது. என் கையால் செய்த ஒன்றை வைத்து என் குழந்தை விளையாட வேண்டும். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆசைப்பட்டேன்.

யானை என்று முடிவு செய்தேன். ஒரு சட்டத்துக்குள் தாய் யானை, அதன் கால்களுக்கு நடுவே குட்டி யானை. எடுத்து எடுத்துப் பொருத்தி விளையாடலாம். இரண்டு பலகைகளை டேப் போட்டு ஒன்றாக ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால் ஒரே மாதிரி இரண்டு கிடைக்கும். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று இருக்குமே என்று அப்படியே செய்தேன். பிளானிங்காரன் அல்லவா. இருப்பதிலேயே மெல்லிய ரம்பத்தைப் போட்டேன். வெட்டிய கோடே கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது என் லட்சியம். அப்படியே வந்தது. ஊசி முனை நுழையாது. பழைய பெட்டியில் 'நனைக்காதே' என்பதற்கு அடையாளமாக அச்சடித்திருந்த குடைப் படம் மட்டும் தாய் யானையின் பின்பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. கோயில் யானைக்குக் குடை பிடிப்பது மரபுதானே என்று விளக்கம் தயார் செய்துகொண்டேன்.

பென்னலூர் கூட்டத்தில் யானைக்குக் கிடைத்த வரவேற்பு என் வாழ்நாளில் கிடைக்காதது. ஸ்டெல்லா டீச்சர் அதைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். ஒரு யானையும் விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். யானையை யாரும் வெளியே எடுத்துப் பார்க்க முயலவில்லை. எங்களுடையது மரியாதை தெரிந்த கூட்டம். அன்று உப்புத்தாளுக்கு ஓ.டி., அதனால் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் மாலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"போட்டோல பாத்தா இன்னாபா தெரியும்? கைல குடு."

"உள்ள வாங்கண்ணா" என்றாள் ஹேமா.

"வாணாம்மா தங்கச்சி. சட்ட பூரா இரும்புத் தூளு. புள்ள கீற வூடு." வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் எச்சரிக்கையாக ஒரு யானைச் சட்டத்தை மட்டும் கொடுத்து, பக்கத்திலேயே நின்றேன். அந்த நேரம் பார்த்து வாடகை நாற்காலி வந்த வேன் தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்தது. "பத்திரம்ணா" என்று சொல்லிவிட்டுப் போனேன். பூனையிடம் கருவாட்டைக் கொடுத்துவிட்டு, பத்திரம் என்று சொன்ன முதல் ஆள் நான்தான்.

நாற்காலிகளோடு திரும்பி வந்தபோது வாசற்படியில் கோலமாவு கொட்டியது போல் வெள்ளையாகத் தூள். நடுவில் உப்புத்தாள் கண்ணை மூடித் தேய்த்துக்கொண்டிருந்தார். எப்படித்தான் தட்டிக் கழற்றினாரோ, தாய் யானையின் தந்தம் போயிருந்தது. காது, தும்பிக்கை எல்லாம் உருண்டு திரண்டு இட்லிப் பதத்துக்கு வந்திருந்தன. பின்பக்கத்துக் குடையைக் காணோம். சட்டத்தை லேசாகச் சாய்த்தேன். இரண்டு யானைகளும் பொத் பொத்தென்று கீழே விழுந்தன. போதாததற்கு, அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த கதவு நிலையில் இடுப்பளவுக்குக் கீழே ஒரு சாண் இடத்தில் பெயிண்டே இல்லை. மரம் பளபளவென்று தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எழுந்து போங்கண்ணா. தயவு பண்ணி போயிடுங்க. கை வெச்ச எதயாவது நீங்க முழுசா விட்டிருக்கீங்களா?"

அவர் எழுந்தார். கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்னு நெனச்சேன்பா. கை நிக்கல" என்றார். உப்புத்தாளைப் படியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார். அதை அவர் மறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. ஆனால் உள்ளே இன்னொரு யானைச் சட்டம் பத்திரமாக இருக்கிற தைரியத்தில் அதை ஒதுக்கிவிட்டு, தேய்ந்ததை சோபாவுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் வீடு நிறைய உறவுகள். ஹேமாவின் அண்ணன், என் மச்சான், ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். பந்தியில் அப்பளத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடிப்பார். கேக் வெட்டி முடிந்ததும், சபையின் நடுவே யாழினி முன்னால் என் யானையை வைத்தேன். தலைகீழாக உலுக்கிக் காட்டினேன். எல்லோரும் 'ஆகா' என்றார்கள்.

யாழினி குட்டி யானையின் மேல் கை வைத்து இழுத்தாள். வரவில்லை. நகத்தால் பிறாண்டினாள். தாய் யானையை இழுத்தாள். அதுவும் வரவில்லை. சட்டத்தைத் தூக்கித் தரையில் அடித்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"இரு கண்ணு, மாமா எடுத்துத் தரேன்" என்று மச்சான் வந்தார். விரலால் முயன்றார், வரவில்லை. ஸ்பூனால் நெம்பினார். "ஸ்க்ரூ டிரைவர் கீதா மாப்ள?" என்றார். கொடுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். யானையின் தும்பிக்கை மட்டும் தனியாக வந்தது. கூடவே, "ஐயோ! சிலாம்பு ஏறிடுச்சி!" என்று மச்சான் அலறினார். ஆள்காட்டி விரலில் பைன் மரத்துச் சிராய் ஒன்று கொடிக்கம்பம் மாதிரி நின்றது. "மாப்ள, இத கொழந்தைக்கா செஞ்சீங்க? எனக்கா?" என்று கேட்டார். உறவுக்காரர்கள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டிருக்கும். நான் ஹேமாவைப் பார்த்தேன். ஹேமா பரணைப் பார்த்தாள்.

பிடுங்கும்போது மச்சானின் விரலுக்குள் ஒடிந்துபோன சிராயை எல்லோரும் ஊசியோடு தேடிக்கொண்டிருந்ததில், அழுகை நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பார்த்தவள் ஹேமாதான். "என்னங்க, இங்க பாருங்க."

யாழினி தவழ்ந்துபோய் சோபாவுக்கு அடியிலிருந்து அந்தத் தேய்ந்த யானைச் சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். குட்டி யானையை எடுத்தாள். வாயில் வைத்தாள். எச்சிலோடு சட்டத்தில் போட்டாள். அது ஒரு முறை புரண்டு, தன் இடத்தில் போய் விழுந்தது. அவளுக்கு ஒரே ஆச்சரியம். மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள். தாய் யானையை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். விளக்கு எரிகிற கார், பாட்டுப் பாடுகிற கரடி எல்லாம் பெட்டியிலேயே கிடந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்கும் கலங்கியிருந்தது. அது ஊசியால்.

அந்த நேரத்தில் வாசற்படியில் நிழல் தெரிந்தது. உப்புத்தாள் வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. என்னிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"உன்து கெட்டுப்போச்சேன்னு, நானே வேற ஒண்ணு செஞ்சேன்பா."

பிரித்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவில் ஏதோ இருந்தது.

"யானதான். காலைல பெர்சா இருந்துச்சி. பஸ்ல வர்றப்போ..." என்று தலையைச் சொறிந்தார்.

ஹேமா அதை வாங்கி, குழந்தை விழுங்கிவிடாமல் சாமி மாடத்தில் வைத்தாள். பிறகு அவர் மறந்துவிட்டுப் போன உப்புத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்கண்ணா. நீங்க தேச்சதத்தான் புள்ள வெச்சிக்கினு கீழ வெக்க மாட்டேங்கறா. இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தா தேச்சிக் குடுங்க."

அப்போதுதான் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். யாழினி குட்டி யானையைச் சட்டத்தில் போட்டுவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். உப்புத்தாளின் கை தாளை வாங்கியது. விரல்கள் அதை மடித்தன, பிரித்தன, மறுபடி மடித்தன. அவர் தாளைப் பைக்குள் வைத்தார்.

"வாணாம்மா. முடிஞ்சிடுச்சி."

சாயங்காலம் குழுவில் படம் போட்டேன். காபி டம்ளர் இல்லை, நிழல் இல்லை. எச்சில் ஒழுகும் யானையும் குழந்தையின் கையும் மட்டும்தான். 'உப்புத்தாள் அண்ணன் முடித்த முதல் வேலை. வெட்டியது மட்டும் நான்' என்று எழுதினேன். அன்று வந்த கைதட்டல் இரவு வரை ஓயவில்லை. ஒருவர் மட்டும், "இட்லித் தட்டு அருமை சார்" என்று போட்டிருந்தார்.

மெஷின் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. கொஞ்ச நாளில் உப்புத்தாளை ஓசூர்ப் பக்கத்து யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்தும் வாய்ஸ் மெசேஜ் வருகிறது, அதே சர்ர் சத்தத்தோடு. ஓசூரில் எந்த ஆட்டோவில் யார் வழுக்குகிறார்களோ தெரியாது. யாழினி அந்த வருஷம், கதவு நிலையில் அவர் தேய்த்துவிட்டுப் போன அந்த ஒரு சாண் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். சரியாக அவள் கை போகிற உயரம். அவர் கணக்குப் போட்டுத் தேய்க்கவில்லை, அவர் உட்கார்ந்த உயரம் அது.

போன பொங்கலுக்கு வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினார். பெயிண்டர் அந்த இடத்தைக் காட்டி, "இன்னா சார் இது, இங்க மட்டும் சொரண்டி வெச்சிக்கீறீங்க? பட்டி பாத்து அடிச்சிடட்டுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், சமையலறையிலிருந்து ஹேமா ஓடி வந்தாள்.

"அந்த எடத்த மட்டும் விட்டுடுங்க. எங்க அண்ணன் வந்தா தேடுவாரு."